ஆலய முகப்புக் கதவில் விவிலியக் காட்சிகள்: எவற்றை, எந்த வரிசையில் செதுக்குவது?

கேள்வி: வடகடலோன்

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் ஆலயத் திருப்பணிக் குழுவில் நானும் ஒருவன். எங்கள் பாதுகாவலர் இராயப்பர், அதாவது திருத்தூதர் பேதுரு. முகப்புக் கதவு உப்புக்காற்றாலும் கறையானாலும் உளுத்து, கீழ்ச்சட்டத்தை விரலால் அழுத்தினாலே பொடி உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே வருகிற ஆனித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னர்ப் புதுக் கதவு நிறுத்துவதென முடிவு செய்திருக்கிறோம். நிலை அப்படியே இருக்கட்டும் என்பதால் அளவில் மாற்றமில்லை. 9 அடி உயரமும் 6 அடி அகலமும் கொண்ட இரட்டைக் கதவு அது.

வெறும் பூவேலைப்பாடாக இல்லாமல், விவிலியக் கதையையே புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்க வேண்டும் என்பது பங்குத்தந்தையின் விருப்பம். குழுவில் ஆளுக்கொரு காட்சியைச் சொல்லச் சொல்ல, உலகப் படைப்பு முதல் பொதுத்தீர்வை வரை 24 காட்சிகள் சேர்ந்துவிட்டன. யாருடையதை நீக்குவது என்பதே இப்போது சிக்கல்.

நான் அறிய விரும்புபவை இவை. பிற நாட்டுப் பழைய ஆலயங்களில் இத்தகைய கதவுகளில் கதையை எவ்வாறு வரிசைப்படுத்தினார்கள்? ஒவ்வொரு காட்சியின் கீழும் வசனம் பொறிக்க வேண்டுமா? ஓரியூரில் மறைசாட்சியாக உயிர்நீத்த அருளானந்தரையும் (ஜான் டி பிரிட்டோ) ஒரு பலகையில் சேர்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் வற்புறுத்துகிறார்கள். விவிலியக் கதவில் அது பொருந்துமா? கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் செதுக்கினால் செலவு குறையும் என்கிறார்கள். அதையும் யோசித்து வருகிறோம்.

பதில்: சிற்பக்கலை மாணவி

ஐயா, 24 காட்சிகளில் எதை நீக்குவது என்று தொடங்காமல், கதவு எந்த ஒரு கதையைச் சொல்லப்போகிறது என்று தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காட்சிகளை அடுக்கிவிட்டால் மட்டும் கதை ஆகிவிடாது. எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் எந்தக் காட்சி நிற்கிறது என்பதில்தான் கதவு பேசுகிறது.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் பேராலயத்தில் உள்ளது. ஆயர் பெர்ன்வார்டு 1015ஆம் ஆண்டில் செய்வித்த வெண்கலக் கதவு அது. ஒவ்வொரு கதவும் ஏறத்தாழ 4.7 மீட்டர் உயரம். ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பு. கதவுக்கு எட்டாக மொத்தம் 16 காட்சிகளே உள்ளன. இடப்பக்கத்தில் படைப்பு உச்சியில் தொடங்கி, கனியை உண்டது, தீர்ப்பு, ஏதேனை விட்டு விரட்டப்பட்டது எனப் படிப்படியாகக் கீழிறங்கி, காயீன் ஆபேலைக் கொன்ற இடத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. வலப்பக்கமோ, அதே அடிமட்டத்தில் மரியாவுக்கு வானதூதர் தூதுரைத்ததில் தொடங்கி மேலேறி, உயிர்த்த இயேசு மகதலா மரியாவுக்குத் தோன்றியதில் முடிகிறது. ஒரு பக்கம் வீழ்ச்சி, மறுபக்கம் மீட்பு என்பதை ஒரு சொல்லும் எழுதாமல் கண்ணே ஏறி இறங்கி உணர்ந்துகொள்கிறது.

அதைவிட நுட்பம் இன்னொன்று உண்டு. ஒரே உயரத்தில் பக்கம்பக்கமாக நிற்கும் காட்சிகள் ஒன்றையொன்று விளக்குகின்றன. விலக்கப்பட்ட மரத்துக்கு நேர் எதிரே சிலுவை மரம் நிற்கிறது. ஆதாமும் ஏவாளும் கடவுள் முன் தீர்ப்புக்கு நிற்கும் காட்சிக்கு நேரே, குற்றமற்றவர் பிலாத்துவின் முன் நிற்கிறார். ஏதேனை விட்டு வெளியேற்றப்படுவதற்கு நேரே குழந்தை இயேசு கோவிலுக்குள் கொண்டுவரப்படுகிறார். மடியில் குழந்தையுடன் ஏவாள் அமர்ந்திருக்கும் வரிசையிலேயே, ஞானிகள் வணங்கும் குழந்தையுடன் மரியா அமர்ந்திருக்கிறார். அந்தத் தீர்ப்புக் காட்சியை மட்டும் தனியே பார்த்தாலும் வியப்புத்தான்: கடவுளின் விரல் ஆதாமை நோக்க, ஆதாமின் விரல் ஏவாளை நோக்க, ஏவாளின் விரல் தரையில் கிடக்கும் பாம்பை நோக்குகிறது. பழியைத் தட்டிக்கழிக்கும் மனித இயல்பு முழுவதையும் மூன்று விரல்களில் சொல்லிவிட்ட சிற்பியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இதற்குக் கீழே வசனம் எதற்கு? என்னைக் கேட்டால், வசனம் எழுதினால்தான் புரியும் என்ற காட்சியைச் செதுக்கவே வேண்டாம்.

புளோரன்ஸ் நகரத் திருமுழுக்குக் கோவிலின் மூன்று கதவுகளையும் பாருங்கள். அவற்றுள் முதலாவதான ஆந்திரேயா பிசானோவின் கதவு 1330க்கும் 1336க்கும் இடையில் உருவானது. அதில் 28 பலகைகள் உள்ளன. 20 பலகைகளில் திருமுழுக்கு யோவான் என்ற ஒருவரின் வாழ்க்கை மட்டுமே. 1401இல் அடுத்த கதவுக்கு ஒரு போட்டி வைத்து, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சியைச் செய்துகாட்டச் சொன்னார்கள். கிபர்ட்டி வென்றார். அதில் தோற்ற புருனெல்லஸ்கியோ சிற்பத்தை விட்டுக் கட்டடக்கலைக்குப் போய், அந்நகரப் பேராலயத்தின் பெருங்குவிமாடத்தையே எழுப்பினார். கிபர்ட்டி அந்தக் கதவிலும் 28 பலகைகளையே வைத்தார். ஆனால் 1425 முதல் 1452 வரை, 27 ஆண்டுகள் உழைத்த தம் இரண்டாவது கதவில், பழைய ஏற்பாடு முழுவதற்கும் பத்தே பலகைகளை வைத்துக்கொண்டார். கை தேறத் தேற எண்ணிக்கை குறைந்தது என்பதைத் தங்கள் குழுவுக்குச் சொல்லுங்கள். ‘விண்ணகத்தின் வாயில்’ என்று மைக்கலாஞ்சலோ புகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இந்தப் பத்துப் பலகைக் கதவைத்தான்.

பதில்: உளிக்காரன்

மாணவி சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் அவை வெண்கலம். நீங்கள் நிறுத்தப்போவது மரம். நான் முப்பது ஆண்டுகளாக இக்கடற்கரையில் கதவும் சப்பரமும் செய்துவருபவன். கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் கதவு ஒன்றின் அகலம் 36 அங்குலம். கதவுக்கு 12 காட்சிகள் என்றால் இரண்டு பத்திகள், ஆறு வரிசைகள். பக்கச் சட்டங்களும் நடுச்சட்டமும் போக, பலகை ஒன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஓர் அடிச் சதுரம். அந்த ஓரடிக்குள் இறுதி இராவுணவைச் செதுக்கினால் பதின்மூன்று முகங்களும் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். இரண்டு மழைக்காலம் கடந்து நான்கு முறை மெருகெண்ணெய் பூசியபின், யூதாசையும் யோவானையும் பிரித்தறிய முடியாது. கதவுக்கு நான்கு காட்சிகளாக ஒரே பத்தியில் வைத்தால், ஒவ்வொரு பலகையும் இரண்டேகால் அடி அகலமும் ஒன்றரை அடிக்கு மேற்பட்ட உயரமும் கிடைக்கும். ஆலய முற்றத்தில் நிற்பவருக்கும் கதை தெரியும்.

அடுத்து, யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் கதவு உள்நோக்கித் திறக்கிறதா, வெளிநோக்கித் திறக்கிறதா? நம் ஊர் ஆலயங்களில் விடியற்காலைத் திருப்பலிக்குத் திறக்கும் கதவு இரவு செபமாலை முடிந்த பிறகே சாத்தப்படுகிறது. வெளிநோக்கித் திறந்து சுவரோடு சாய்த்துவிட்டால், செதுக்கிய முகம் சுவரைப் பார்த்து நிற்கும். பகல் முழுவதும் மக்கள் காண்பது மொட்டைப் பின்புறத்தைத்தான். உள்நோக்கித் திறந்து சுவரோடு சாய்த்தால், செதுக்கிய முகம் ஆலயத்தின் உட்புறத்தை நோக்கும். வெளியே போகிறவர் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். ஆனால் அப்போது இடக்கதவு அவர்களுக்கு வலப்பக்கமாகவும், வலக்கதவு இடப்பக்கமாகவும், நடுவே ஆறடி வாசலை விட்டுத் தள்ளியும் தெரியும். ஆகவே வரிசைக்கு வரிசை இரு கதவுகளுக்கும் தாவிச் செல்லும் கதை, கதவு திறந்திருக்கும்போது பொருளற்றுப்போகும். ஒவ்வொரு கதவும் தன்னளவில் ஒரு முழுக் கதையாக இருக்க வேண்டும்.

மரத்தைப் பொறுத்தவரை, வைரம் பாய்ந்த பழந்தேக்கைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். வெள்ளை மரம் ஓர் அங்குலம்கூடக் கலக்கக் கூடாது. சட்டங்களைத் துளையும் கழுந்துமாகப் பூட்டி மரமுளை அடிக்க வேண்டும். செதுக்கிய பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றி உட்கார வைக்க வேண்டும். வாடைக்காற்றில் ஈரம் குடித்து மரம் விரியும்போதும், கச்சான் காற்றில் உலர்ந்து சுருங்கும்போதும் அதற்கு அசைய இடம் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயத்தில் அவசரத்துக்காக நானே பசை வைத்து இறுக்கிவிட்டேன்; அடுத்த கோடையிலேயே சூசையப்பரின் தோளிலிருந்து இடுப்புவரை வெடிப்பு ஓடியது. இன்றும் அந்த வழியாகப் போனால் அந்த வாசலைப் பார்க்காமல் போகிறேன். இரும்பு ஆணி ஒன்றுகூட வேண்டாம். உப்பில் துருவேறித் தேக்கில் கருங்கறை பரப்பும். கீல், தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் பித்தளையாகவே இருக்கட்டும்.

எந்திரத்தைப் பற்றி எனக்குப் பகையில்லை. மேலிருந்து இறங்கிக் கடையும் சாதாரண எந்திரத்தால், உருவத்தின் பின்புறம் உளி நுழைத்துக் குடைந்தெடுக்க முடியாது; எல்லாம் அப்பளத்தில் அழுத்திய அச்சுப்போல் இருக்கும். முரட்டு வேலையை எந்திரம் செய்யட்டும். முகமும் கைவிரலும் உளிக்கு இருக்கட்டும்.

பதில்: மறைக்கல்வி ஆசிரியை

உளிக்காரர் ஐயா கதவு திறக்கும் திசையைக் கேட்டபோதுதான், இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ‘நானே வாயில்’ என்ற யோவான் நற்செய்தி வசனத்தைக் கற்பித்தும், எங்கள் ஆலயக் கதவு எப்பக்கம் திறக்கிறது என்று கவனித்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

இராயப்பர் ஆலயத்துக்கு இராயப்பர் கதையையே வைத்தால் என்ன? திருமுழுக்கு யோவான் ஒருவருக்கே 20 பலகைகளைக் கொடுத்த பிசானோவின் கதவு இதற்கு நல்ல முன்மாதிரி. அதிலும் இடக்கதவில் பிறப்பு முதல் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது வரை, வலக்கதவில் சிறையும் சாவும் அடக்கமும் என ஒவ்வொரு கதவும் தனித்தனியே படிக்கத்தக்கதாக இருக்கிறது. உளிக்காரர் விதிக்கும் கட்டுப்பாட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

கதவுக்கு நான்கு காட்சிகள் என்று வைத்து நான் சிந்தித்தது இது. இடக்கதவில் மேலிருந்து கீழாக: இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் படாத பிறகு, படகு அமிழும் அளவுக்கு மீன் பட்டது, புயலில் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்து இயேசு உறங்கியது, நீர்மேல் நடக்க இறங்கிய பேதுரு அமிழத் தொடங்கியது, இறுதியாக, தலைமைக் குருவின் முற்றத்தில் மூன்று முறை மறுதலித்தது. அழைப்பிலிருந்து வீழ்ச்சிக்கு அது இறங்குகிறது. வலக்கதவில் கீழிருந்து மேலாக: திபேரியக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் காலை உணவு கொடுத்தது, அழகு வாயிலருகே கால் ஊனமுற்றவரை எழுப்பியது, வானதூதர் சிறையிலிருந்து விடுவித்தது, உச்சியில் பேதுரு விண்ணரசின் திறவுகோல்களைப் பெற்றது.

மறுதலிப்பும் காலை உணவும் இரு கதவுகளின் அடியிலும் ஒரே உயரத்தில் அமைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், குளிருக்காகக் கரியினால் தீ மூட்டிக் காய்ந்துகொண்டிருந்தவர்களோடு நின்றபோதுதான் பேதுரு மறுதலித்தார். 21ஆம் அதிகாரத்தில் கரையேறியதும் அவர் கண்டது, கரியினால் தீ மூட்டப்பட்டு அதன்மேல் மீன் வைக்கப்பட்டிருந்ததையே. கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. முதல் நெருப்பின் அருகே மூன்று மறுப்பு. இரண்டாம் நெருப்பின் அருகே ‘என்மீது அன்பு செலுத்துகிறாயா?’ என்று மூன்று கேள்வி. கதவைச் சாத்தும்போது இரண்டு நெருப்பும் அருகருகே வந்து சேரும். திறக்கும்போது பிரிந்து போகும். அவை கதவின் அடியில் இருப்பதால் குழந்தைகளின் கண்மட்டத்துக்கும் எட்டும்.

உயிர்ப்புக்குப் பின் திபேரியக் கடலில் கிடைத்த மீன் பாட்டின்போது வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். சிற்பி அத்தனையும் செதுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணிப் பார்க்கிற ஊர் நம்முடையது என்பதை மறக்க வேண்டாம்.

பதில்: சேதுநாட்டான்

நான் கிறிஸ்தவன் அல்லன், இராமநாதபுரத்தில் வாழ்பவன். அருளானந்தரைப் பற்றிய கேள்விக்கு எவரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன்.

1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டதன் பின்னணி எங்கள் சேதுநாட்டு வரலாற்றின் பகுதி. மறவர் குல இளவரசரான தடியத்தேவர் கிறிஸ்தவராகி, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவருள் ஒருவர் அன்றைய மன்னர் கிழவன் சேதுபதியின் உறவினர் என்பதும், அதனால் எழுந்த சினமுமே காரணம் என்பார்கள். அரச குடும்பத்துத் திருமண விவகாரத்தில் தலை கொடுத்த திருமுழுக்கு யோவானோடு அவரை ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். ஜான் என்பது யோவான்தான் என்பதால் இருவர் பெயரும் ஒன்றே. ஆகவே யோவான் கதையைச் சொல்லும் கதவாக இருந்தால், அவரை அங்கே நிறுத்துவதில் பொருள் இருக்கும். பேதுரு கதையில் அவர் விருந்தாளியாகத்தான் நிற்பார். கதவின் எட்டுப் பலகைகளில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுக்காமல், நிலையின் மேற்சட்டத்திலோ பக்கத் தூணிலோ அவருக்குத் தனியிடம் கொடுங்கள்.

இன்னொன்று. கண்ணால் கதை படிப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. இங்கே இராமலிங்க விலாச அரண்மனைச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய இராமாயணக் காட்சிகளில், ஒரே இராமன் அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வருகிறான், எவரும் குழம்புவதில்லை. கிபர்ட்டியின் முதற்பலகையிலும் ஆதாம் படைக்கப்படுவதும், ஏவாள் உருவாவதும், கனி உண்பதும், விரட்டப்படுவதும் ஒரே சட்டத்துக்குள் நிகழ்கின்றன. ஆகவே, எட்டுப் பலகைக்குள் அடங்காத காட்சி ஏதேனும் இருந்தால், முக்கியக் காட்சியின் பின்னணியில் தாழ்ந்த புடைப்பாக அதை வைத்துவிடலாம். மறுதலிப்பின்போது கூவிய சேவலைப் பின்சுவரில் அமர்த்துவது போல.

கேட்டவர்: வடகடலோன்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு குழுவில் அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். 24 எட்டாகியதில் இருவருக்கு வருத்தம் உண்டு. நோவாவின் பேழையை விட மனமில்லாத ஒருவர் இன்னும் என்னோடு பேசவில்லை. வசனம் வேண்டாம் என்பதற்குப் பங்குத்தந்தை உடனே ஒப்புக்கொண்டார். அருளானந்தர் மேற்சட்டத்துக்குப் போகிறார்.

கதவின் திசையில்தான் தடை. எங்களுடையது இப்போது வெளிநோக்கியே திறக்கிறது. உள்நோக்கி மாற்றலாம் என்றதும், 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியைக் கண்டவர் ஒருவர் எழுந்து, வெளிநோக்கித் திறக்கும் கதவைப் புயற்காற்று நிலையோடு சேர்த்து அழுத்தும் என்றும், உள்நோக்கித் திறக்கும் கதவைத் தாழ்ப்பாளோடு பிடுங்கி எறியும் என்றும் சொன்னார். அங்கே பவளப்பாறைக் கல்லில் கட்டிய ஆலயத்தின் சுவர் மட்டுமே இன்று நிற்பதைக் கண்டிருப்பதால், எவராலும் மறுத்துப் பேச முடியவில்லை. உளிக்காரர் ஐயா இதற்கு வழி சொல்ல வேண்டும்.

பதில்: உளிக்காரன்

பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. அவரை மறுக்க வேண்டியதில்லை. நிலைக்கு உட்புறம் இருபக்கச் சுவரிலும் கற்கொண்டி பதித்து, நாலங்குலக் கனத்தில் குறுக்குக் கட்டைகள் இரண்டு செய்துகொடுக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்த இரவில் அவற்றைப் போட்டுவிட்டால், காற்றின் விசையைத் தாழ்ப்பாள் தாங்காது, சுவர் தாங்கும். பழைய கோட்டைக் கதவுகளெல்லாம் அப்படித்தான் நின்றன. கூட்டம் நெருக்கியடித்து வெளியேற வேண்டிய நாளுக்காக, பக்கவாசல் இரண்டும் இப்போதுபோல் வெளிநோக்கியே திறக்கட்டும்.

நோவாவுக்காக வருந்துபவரிடம், பேழையை நிலையின் அடிப்படிக்கு மேலே சிறிதாகச் செதுக்கித் தருவதாகச் சொல்லுங்கள். அதற்குக் கூலி வேண்டாம்.

இன்னொரு செய்தி, இப்போதே சொல்லிவிடுகிறேன். திருவிழாவுக்குத் தோரணமும் மாலையும் கட்டுகிற இளைஞர்கள் கண்ட இடத்தில் ஆணி அடிப்பார்கள். சென்ற கதவிலும் அடித்திருப்பார்கள். நிலையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் பித்தளைக் கொக்கிகள் ஆறு வைத்துத் தருகிறேன். எத்தனை முழம் பூவானாலும் அவற்றில் கட்டிக்கொள்ளட்டும்.